சிக்கன வீடும் சேரி வெயிலும்

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தின் நாள் கணக்கு அது என்று சொல்லுவார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் படிக்குப் படி கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஜனம் ஏறும். மேலே போய் நின்று கீழே பார்த்தால் எது ஊர், எது சேரி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரம் தெரிகிற இடம் ஊர். மொட்டைத் தளம் வெயிலில் மின்னுகிற இடம் காலனி. மலையிலிருந்து பார்க்கிற முருகனுக்கும் அப்படித்தான் தெரியும்.

இந்த ஊரைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று முருகன். இன்னொன்று வெயில். சித்திரை பிறந்தால் வானிலை அறிக்கையில் வேலூரோடு சேர்த்துத் திருத்தணி பெயரை வாசிப்பார்கள். 40 டிகிரியைத் தாண்டியது என்பார்கள். அந்த 40 டிகிரி ஆய்வு மையத்துக் கருவியில், நிழலில் பதிவானது. நமது வீட்டுக்குள் எவ்வளவு என்று எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரையில் இங்கே ஒரு தொண்டு நிறுவனம் ‘ஏழைகளுக்கேற்ற சிக்கன வீடு, மின்சாரம் குடிக்காத வீடு’ என்று ஒருநாள் முகாம் நடத்தியது. கல்யாண மண்டபத்தில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. காலனியிலிருந்து நாற்பது, ஐம்பது பேரைக் கூட்டிப்போயிருந்தோம். பெரும்பாலும் பெண்கள். இளம் கட்டிடக் கலைஞர் ஒருவர் திரையில் படம் போட்டார். மண் கட்டியால் கட்டிய சுவர், வளைவுக் கூரை, ஓட்டைச் செங்கல் வழியாக வருகிற வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மண் மூச்சு விடும், குளிர்ச்சி தரும், நம் முன்னோர் ஞானம் அது என்று பேசினார். நல்ல பிள்ளை. பொய் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பெரியம்மா எழுந்து கேட்டார். “ஏன் தம்பி, உங்க வூடு மண்ணுல கட்னதா?”

அவர் நேர்மையாகவே, “இல்லைங்கம்மா, அப்பார்ட்மெண்ட்டு” என்றார். மண்டபமே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. “நாங்க மண்ணு வூட்ல பொறந்து மண்ணு வூட்லயே பெத்தவளுங்க. மய வந்தா செவுரு கரையும். எந்தப் பக்கம் வியும்னு பாத்துகினே புள்ளைங்கள மாத்தி மாத்திப் படுக்க வெப்போம். அதுல இன்னா ஞானம் கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா?”

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுதும் வேலை இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கைக்குழந்தைக்காரி. அரசாங்கத்துக் கான்கிரீட் வீட்டில் இருப்பவள். “அப்படிச் சொல்லிட்டா ஆச்சா பெரிம்மா? கான்கிரீட்டு வூடு மட்டும் இன்னா வாழுது? ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அடுப்பு மாதிரி கொதிக்குது. கொயந்த ஒடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேனு போட்டா அனல்தான் எறங்குது. தெருவுல படுத்தா குடிகாரனுங்க தொல்ல. எங்க போய்ப் படுக்கச் சொல்ற?”

கட்டிடக் கலைஞருக்குப் பெரியம்மா பதில் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு இந்தப் பெண் பதில் சொல்லிவிட்டாள். இந்தப் பெண்ணுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டார்கள்.

*

வீட்டை ஒரு பிரதியாக வாசிக்க முடியும். கவிதையையும் நாவலையும் வாசிக்கும்போது கேட்கிற கேள்விகளையே இதிலும் கேட்கலாம். யார் எழுதியது? யாருக்காக? எதைச் சொல்லாமல் விட்டது?

எம்.ஏ. படிக்கும்போது எங்களுக்கு நெடுநல்வாடை பாடம். அதில் அரசன் அரண்மனை கட்டுகிற பகுதி வரும். நண்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்து, திசை குறித்து, நூல் பிடித்து மனையை வகுப்பார்கள். வேனிலில் படுப்பதற்கென்றே தனி இடம், தென்றல் நுழைவதற்கென்றே சன்னல் என்றெல்லாம் வரும். வாடைக் காலத்தில் அந்தச் சன்னலைச் சாத்திவைத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வெயில் எந்தப் பக்கம் விழும் என்பது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே தமிழனுக்குத் தெரியும் என்று பேராசிரியர் பெருமைப்பட்டார். அடுத்த பருவத்தில் பெரும்பாணாற்றுப்படை. அதில் எயினர் குடிசை வருகிறது. ஈச்ச ஓலை வேய்ந்த கூரை முள்ளம்பன்றியின் முதுகு மாதிரி இருக்கிறது என்பது உவமை. பேராசிரியர் உவமை நயம் சொன்னார். நாங்களும் எழுதிக்கொண்டோம்.

இப்போது யோசித்தால் வேறு விஷயம் தெரிகிறது. அரண்மனைக்குக் கணக்கு. குடிசைக்கு உவமை. அரண்மனையில் சூரியனை அளக்க ஆள் இருக்கிறது. குடிசையைப் பார்க்க வருகிறவன் அதன் கூரை எதைப்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான். இந்த ஏற்பாடு சங்க காலத்தோடு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

*

முதலில் அரசாங்கத்தின் பிரதி.

1974-இல் தாட்கோ ஆரம்பித்தார்கள். சேரிக்கு வீடு கட்டித்தருவதே அதன் முதல் வேலை. அதிலிருந்து தொகுப்பு வீடு என்ற சொல் நம் வாயில் ஏறியது. 1985-இல் இந்திரா வீட்டு வசதித் திட்டம் வந்தது. 1997-இல் சமத்துவபுரம் வந்தது. நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, மிச்சம் 60 மற்றவர்களுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், குடிசை ஒன்றுக்கு 75 ஆயிரம். 2011-இல் ஜெயலலிதா அரசு பசுமை வீடு கொண்டுவந்தது. 300 சதுர அடி, ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, சமையல் கட்டு, கழிவறை, தாழ்வாரம். முதலில் 1 லட்சத்து 80 ஆயிரம். அதில் 30 ஆயிரம் சூரிய ஒளி விளக்குக்கு. 2016-இலிருந்து மோடி பெயரில் பிரதமர் வீடு, 25 சதுர மீட்டருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். அதோடு கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாகப் பணம் சேர்க்கிறது. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடிக்கு 3 லட்சத்து 50 ஆயிரம், 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அறிவிப்பு.

இவற்றைக் குறைத்துச் சொல்வதற்காக வரிசைப்படுத்தவில்லை. வடநாட்டுச் சேரிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்குப் போய்ப் பாருங்கள். 2020-இல் ஆந்திர அரசு கிராமத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட் என்று பட்டா கொடுத்தது. ஒன்றரை சென்ட் என்பது ஏறக்குறைய 650 சதுர அடி. அதில் வீடு, வாசல், ஆடு கட்டுகிற இடம், துணி காயப்போடுகிற இடம் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் பசுமை வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே இயற்கை இருக்கிறதே. எது பசுமை? ஐந்து விளக்கு. கூடத்தில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, சமையல் கட்டில் ஒன்று, கழிவறையில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று. மொட்டை மாடியில் சூரியத் தகடு. பிள்ளைகள் படிக்க வெளிச்சம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் சூரியனிடமிருந்து ஐந்து விளக்குக்கு மின்சாரம் வாங்கத் தெரிந்த திட்டத்துக்கு, அதே சூரியன் அந்தக் கூரை முழுக்கக் கொட்டுகிற சூட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. திருத்தணி வடக்கு அட்சரேகை 13 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒற்றை மாடி வீட்டில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் அடிபடும். நாலைந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி உள்பக்கமாகக் கக்குகிறது. அந்தக் கைக்குழந்தைக்காரி சொன்ன ‘பத்து மணிக்கு மேல’ என்பது இதுதான். அவள் சொன்னது புலம்பல் இல்லை, விஞ்ஞானம்.

இதற்கு மருந்து தெரியாதா? ஊரில் எல்லோருக்கும் தெரியும். தளம் போட்டு முடித்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மழையும் இறங்காது, வெயிலும் இறங்காது. ஊர்த் தெருவில் வீடு கட்டுகிற எவரும் இதை விடமாட்டார்கள். எங்கள் தெருவில் கட்டிய அரசாங்க வீடுகளில் நான் பார்த்தவரை ஒன்றில்கூட இது இல்லை. பணம் சுவருக்கும் தளத்துக்குமே போதவில்லை, கம்மல் அடகுக்கடைக்குப் போன பிறகுதான் கதவே வந்தது. ஆனால் ஊர்த் தெருவின் மாடிக்கு அந்தச் செங்கல் ஜல்லியைத் தலையில் சுமந்து ஏற்றியது யார்? எங்கள் தெருச் சித்தாள்கள். அடுத்தவன் கூரையைக் குளிரவைத்த கையோடு கொதிக்கிற கூரைக்கடியில் வந்து படுக்கிறார்கள்.

இன்னொரு பிரதி டெல்லியில் எழுதியது. 2018-இல் மத்திய அரசு குடியிருப்புக் கட்டிடங்களுக்கு ஒரு ஆற்றல் சிக்கன விதித் தொகுப்பு கொண்டுவந்தது. ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர். கூரை வழியாக எவ்வளவு சூடு இறங்கலாம், சுவர் எவ்வளவு உள்ளே விடலாம், சன்னல் எவ்வளவு திறக்க வேண்டும் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல கணக்கு. யாருக்கு என்று பார்த்தால், 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டுகிறவற்றுக்கு. 500 சதுர மீட்டர் என்பது 12 சென்டுக்கு மேல். நமக்கு இரண்டு சென்ட், மூன்று சென்ட் பட்டாவே போராடி வாங்க வேண்டியிருக்கிறது. சூட்டை அளக்கிற விதி 12 சென்டில் ஆரம்பிக்கிறது. சூடு இரண்டு சென்டில் ஆரம்பிக்கிறது.

நெடுநல்வாடை முடிந்துவிடவில்லை, தோழர்களே. கோல் நட்டு நிழல் பார்க்கிற வேலை இப்போதும் பெரிய மனைக்குத்தான் நடக்கிறது. நமக்குப் ‘பசுமை’, ‘கனவு’ என்று உரிச்சொல்.

*

அடுத்தது கட்டிடக் கலைஞர்களின் பிரதி. இதை மரியாதையோடுதான் வாசிக்க வேண்டும்.

லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளர் மருத்துவமனைகள் கட்ட இந்தியாவுக்கு வந்தார். கடைசிக் காலம் முழுக்கத் திருவனந்தபுரத்தில் இருந்து 2007-இல் இறந்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டுமுறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டைத் தடுக்கும். தளம் போடும்போது கான்கிரீட்டின் அடிப்பாகம் பாரத்தைத் தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் வேலை செய்கிறது. எனவே கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்து அதன்மேல் கான்கிரீட் போட்டார். சிமெண்ட் மிச்சம், சூடும் குறைவு. 1985-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு திருவனந்தபுரம் செங்கல்சூளைச் சேரியில் இந்த முறைகளைக் கொண்டு அடுக்கு வீடு கட்டியது. பேக்கரைப் பணக்கார வீட்டு அலங்காரமாகச் சுருக்குகிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

ஆனால் அவர் பெயரால் நடக்கிற பேச்சில் ஒரு மந்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளால் கட்டியதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னாராம், பேக்கர் அதைப் பிடித்துக்கொண்டாராம். கேட்க எவ்வளவு எளிமை!

திருத்தணியில் ஐந்து மைலுக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்ப்போம். மலை இருக்கிறது, கல் இருக்கிறது. குவாரி யார் கையில்? ஏரி இருக்கிறது, களிமண் இருக்கிறது. நம் ஆள் ஒரு வண்டி மண் எடுத்தால் வழக்கு, குத்தகைக்காரன் லாரி லாரியாக எடுத்தால் தொழில். செங்கல் சூளை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் முழுக்கச் சூளைதான். அதில் முன்பணம் வாங்கிவிட்டு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் நம் இருளர் குடும்பங்களும் கல் அறுக்கிறார்கள். அவர்கள் தங்கியிருப்பது உடைந்த கல்லை அடுக்கிய, நிமிர்ந்து நிற்க முடியாத பொந்து. கரும்பு இருக்கிறது. தோகையில் கூரை வேயலாம். தோகை வேண்டுமானால் கரும்புக்காரன் வயலில் வெட்டுக்குப் போக வேண்டும். ஐந்து மைலுக்குள் எல்லாம் இருக்கிறது. எதுவும் நம்முடையதாக இல்லை. காந்தியின் வட்டத்துக்குள் சாதி என்கிற கோடு வரையப்படவில்லை. சந்தையிலிருந்து வருகிற சிமெண்ட் மூட்டை மட்டும்தான், பணம் கொடுத்தால் ‘நீ எந்தத் தெரு’ என்று கேட்காமல் வருகிறது. நம் ஜனத்துக்குச் சிமெண்ட் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதை எழுதிக்கொள்ளட்டும்.

எகிப்திலும் இதே கதை நடந்தது. ஹசன் ஃபாத்தி என்ற மேதை 1940-களின் கடைசியில் லக்சருக்குப் பக்கத்தில் புது கூர்னா என்ற ஊரை மண் கல்லால், வளைவும் கும்மட்டமுமாக ஏழைகளுக்குக் கட்டினார். உலகமே பார்த்து வியந்த ஊர். ஆனால் பெரும்பாலான ஜனங்கள் அங்கே குடிபோகவில்லை. பழைய ஊரில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. கும்மட்டமோ அவர்களுக்குச் சமாதியை ஞாபகப்படுத்தியது. நல்ல வீடு, குளிர்ந்த வீடு. ஆனால் அந்த ஜனத்தின் வரலாறு அந்த வரைபடத்தில் இல்லை.

*

நம் வரலாறு என்ன?

‘தீண்டப்படாதவர்கள் அல்லது இந்தியச் சேரியின் குழந்தைகள்’ என்ற எழுத்தில் பாபாசாகேப் அம்பேத்கர், எதெல்லாம் தீண்டப்படாதவன் செய்தால் ஊர் குற்றமாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பட்டியல் தருகிறார். சுத்தமான துணி உடுத்துவது குற்றம். செருப்பு, கடிகாரம் குற்றம். ஓடு வேய்ந்த வீடு கட்டுவதும் குற்றம். நன்றாகக் கவனியுங்கள். மண் சுவரும் ஓலைக் கூரையும் நம் ‘மரபு’ இல்லை. நம்மேல் விதித்த தண்டனை. தண்டனையை மரபு என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தால் பெரியம்மா சிரிக்கமாட்டார்.

1891-இல் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையை எல்லோரும் பஞ்சமி நிலத்துக்காக மட்டும் பேசுகிறோம். குடியிருக்கிற மனைகூடப் பறையருக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் குடிசையைவிட்டுத் துரத்தலாம் என்பதும் அந்த அறிக்கையின் முக்கியமான விஷயம். நாளைக்கு எழுந்து போகச் சொல்லுவான் என்றால் எவன் ஓடு போடுவான்?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். ஓலைக்கூரை என்றால் கட்டிடக் கலைஞருக்குக் குளிர்ச்சி ஞாபகம் வரும். நமக்கு வெண்மணி ஞாபகம் வரும். கான்கிரீட் கூரை கேட்டு நம் ஜனம் மனு கொடுக்கிறபோது அதில் அந்தஸ்து ஆசை மட்டும் இல்லை. தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்கிற உயிர்ப் பயம் இருக்கிறது.

அதனால் கான்கிரீட் நம்மைக் காப்பாற்றிவிட்டதா? 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது குறிவைத்து உடைத்தது, வெளிநாட்டுப் பணத்தில் நிமிர்ந்த வீடுகளையும் அதிலிருந்த டிவி, ஃபேன் முதலிய பொருள்களையும்தான். 2012 நவம்பர் 7-இல் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு காலனிகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். அவற்றில் கான்கிரீட் வீடுகளும் இருந்தன. சாதிக்குக் குடிசையைவிட நல்ல வீடுதான் அதிகம் எரிச்சலைத் தருகிறது. ஆகவே நல்ல வீடு கட்டுவதே நமக்கு ஒரு அரசியல் காரியம். அதற்காகக் கொதிக்கிற வீட்டை நல்ல வீடு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

*

கடைசியாக நம் பிரதி. அதாவது நாம் எழுதுவது. இதில்தான் எனக்கு அதிக வருத்தம்.

1992-இல் பாமாவின் கருக்கு வந்தபோது, எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று ஊரின் அமைப்பை ஆரம்பத்திலேயே விரித்து வைத்தது. அது இலக்கியத்தில் ஒரு வரைபடம். அதற்குப் பிறகு நாம் எல்லோரும் தெருவை எழுதினோம். சேரியின் தெரு, குழாயடி, சுடுகாட்டுப் பாதை எல்லாம் வந்துவிட்டன. வீட்டுக்குள் போனோமா? போனாலும் குடிசையின் சோகத்தை எழுதினோம், அல்லது அம்மாவின் அடுப்படியை எழுதி ஏங்கினோம். வெயில் நம் கவிதையில் உவமையாக வருகிறது. கோபத்துக்கு உவமை, பசிக்கு உவமை. கூரையில் இறங்குகிற, ராத்திரி தூங்கவிடாத, மறுநாள் வேலைக்குப் போகிற உடம்பை முறிக்கிற வெயிலாக வருவதில்லை. ஆண்கள் எழுதுவதால் இருக்கலாம். ஆண் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தெருவிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துவிடுகிறான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேகிறவள் பெண்.

‘ஆற்றல் சிக்கனம்’ என்ற சொல்லையும் இங்கேதான் பிடிக்க வேண்டும். நம் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு விளக்கு. இதில் எதைச் சிக்கனம் செய்வது? நம் வீட்டில் அதிகம் செலவாகிற ஆற்றல் மின்சாரம் இல்லை, உடம்பு. தண்ணீர் தூக்குகிற இடுப்பு, சுள்ளி பொறுக்குகிற கை, தூக்கமில்லாமல் விசிறுகிற கை. இந்த ஆற்றலை மிச்சப்படுத்துகிற வீடுதான் சேரிக்கு ஆற்றல் சிக்கன வீடு. இந்த விளக்கத்தை டெல்லிக்காரன் எழுதமாட்டான். நாம்தான் எழுத வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சிந்திப்பது நம் மரபில் இல்லாததா? பாபாசாகேப் 1930-களில் பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டினார். புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு அது. எந்த அறை எதற்கு என்று அவரே யோசித்துத் திட்டம் போட்டார். அந்த இடத்தின் பெயர் இந்து காலனி. அங்கே காலனி என்றால் அந்தஸ்து. நம் ஊரில் காலனி என்றால் சேரி. சொல் ஒன்றுதான், யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. 2024 ஜூனில் கேரள அரசும், 2025 ஏப்ரலில் தமிழக அரசும் அந்தச் சொல்லை நீக்குவதாக அறிவித்தன. நல்லது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் பலகையில் எழுத்து மாறியது. சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. பெயரை எடுத்த பிறகு கூரையையும் பாருங்கள் என்று சொல்ல வேண்டியது நம் வேலை.

*

என்ன கேட்பது? பெரியம்மா சொன்னதும் சரி, அந்தப் பெண் சொன்னதும் சரி என்கிற இடத்திலிருந்து கேட்க வேண்டும்.

கான்கிரீட் கூரையை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் வெறும் கான்கிரீட்டை ஏற்கவும் கூடாது. சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் அரசாங்க மதிப்பீட்டில் ஒரு வரியாக, தனிப் பணத்தோடு வர வேண்டும். ஏற்கனவே கட்டிய வீடுகளின் தளத்துக்கு வருஷா வருஷம் மாசிக்குள் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சோ அடித்துத் தர வேண்டும். 2023-இல் தெலங்கானா அரசு இதற்கென்றே குளிர் கூரைக் கொள்கை அறிவித்தது, எனவே நாம் கேட்பது நிலாவை அல்ல. தளத்துக்குள் ஓடு வைக்கிற முறையையும் எலிப்பொறிக் கட்டையும் நம் கொத்தனார்களுக்குக் கூலி கொடுத்துப் பழக்க வேண்டும். சித்தாளாகவே கிழவியாகிறவர்களைக் கொத்தனாராக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் சன்னல் இல்லாத வரைபடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. மேற்கு வெயில் சுவரில் அறையாதபடி மனை அளக்கும்போதே தெருவின் திசை பார்க்க வேண்டும். நில அளவர் சங்கிலி பிடிக்கிற அன்றைக்கே நாம் அங்கே நிற்க வேண்டும், வீடு எழும்பிய பிறகு இல்லை.

கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300 கான்கிரீட். மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 60-ஐத் தகர ஷீட்டுப் போட்டு வீணாக்காதீர்கள். காற்று வருகிற பக்கம் ஓடு போட்ட தாழ்வாரமாக்குங்கள். சித்திரையில் படுக்க இடம், மழையில் ஆட்டுக்குட்டிக்கு இடம், சாவு விழுந்தால் பிணத்தை வெயிலில் போடாமல் கிடத்த இடம். வேனில் பள்ளி என்று நெடுநல்வாடை அரசிக்கு ஒன்று வைத்தது. நம் பெரியம்மாவுக்கும் ஒன்று இருக்கட்டும்.

இதெல்லாம் இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அரண்மனைக்குக் கோல் நட்டு நிழல் பார்த்ததை இலக்கியம் என்று பாடம் நடத்தினார்கள், பரீட்சையும் வைத்தார்கள். நம் மனையில் கோல் நட்டு நிழல் பார்ப்பதும் இலக்கியம்தான்.

முகாம் முடிந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பெரியம்மாவும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். குழந்தை பெரியம்மா மடியில் தூங்கிவிட்டது. இறங்கும்போது பெரியம்மா அதைக் கொடுக்கவில்லை. “ராவிக்கு எங்கிட்டயே இருக்கட்டும். எங்க வூட்ல பழைய ஓடு. கொஞ்சம் காத்து வரும்” என்றார். அந்த ஓட்டு வீடு அவர் மாமனார் கட்டியது. கட்டியபோது ஊரில் பஞ்சாயத்து வைத்தார்களாம்.